வீடே வார்டு – 14: அந்தப் பக்கம் யார் பார்க்கிறார்கள்?

சென்ற வாரம் டிஸ்சார்ஜ் சம்மரியோடு வீட்டுப் படி ஏறிவிட்டோம். வீடு திரும்பியவரை ஆஸ்பத்திரி போன் ஆப் வழியே கவனிப்பதற்கு ஆகும் செலவை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

அதற்கு முன், ஆதம்பாக்கம் கருணீகர் தெருப் பக்கம் ஒரு வீடு. அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன். மகளின் போனில் ஆஸ்பத்திரிக்காரர்களே ஆப் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் காய்ச்சல் எவ்வளவு, பத்துக்கு வலி எவ்வளவு என்று பதிய வேண்டும். தையல் போட்ட இடத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஃபிளாஷ் போட்டால் தோல் பளபளத்துச் சிவப்பு தெரிவதில்லை என்று மகள் ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கிறார். சிவந்த இடத்தின் ஓரமாகப் பேனாவால் ஒரு கோடு. மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டினால் படமே சொல்லிவிடும். "வலிக்குதாம்மா?" என்றால் "பரவாயில்லடி" என்கிறவர், ஆப்புக்கு மட்டும் "ஏழு போடு" என்கிறார்.

டொராண்டோவின் விமன்ஸ் காலேஜ் மருத்துவமனையில் இப்படி ஆப் வழியே கவனிப்பதைச் சோதித்தார்கள். மார்பகச் சீரமைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய 65 பெண்கள். முடிவு 2017-இல் 'ஜாமா சர்ஜரி' இதழில் வந்தது. முதல் 30 நாளில் நேரில் போய்க் காட்டியது, ஆப் வைத்திருந்தவர்கள் சராசரியாக 0.66 முறை, மற்றவர்கள் 1.64. சிக்கல்களில் வித்தியாசமில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் தையல் பிரிக்காத காலோடு ஆட்டோவில் குலுங்கிப் போகிறவருக்கு ஒரு நடை மிச்சமாவது பெரிய விஷயம்.

அந்தக் குழுவில் ஜான் செம்பிள் என்றொரு பிளாஸ்டிக் சர்ஜன். அவர் பெயரைத் தேடிப் போனால் எவரெஸ்ட் வருகிறது! 1924 ஜூன் 8 அன்று மலையேறிகள் மலோரியும் இர்வினும் அந்த மலையில் காணாமல் போனார்கள். அந்தப் பயணத்தில் குறித்த காற்றழுத்தக் கணக்குகள் 1926-இல் அச்சாயின. வெளியிட்டவர்களில் ஒருவர் ஹோவர்ட் சோமர்வெல், மலையேறி, சர்ஜன். நம் குமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல்லாண்டுகள் அறுவை சிகிச்சை செய்தவர், பிறகு வேலூர் சி.எம்.சி.யிலும் பணியாற்றியவர். 2010-இல் செம்பிளும் அவரோடு ஆய்வு செய்த மூர், சிக்கா ஆகியோரும் அந்தக் கணக்குகளை எடுத்து அலசினார்கள். மலோரியும் இர்வினும் மறைந்த வேளையில் அழுத்தம் மளமளவென்று சரிந்திருந்தது. கடும் புயலுக்கான அடையாளம். அச்சேறி 84 ஆண்டுகளாக எண்கள் அங்கேயே இருந்திருக்கின்றன; இப்படி எடுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஆப் விஷயத்தில் என் கவலையும் இதுதான். டொராண்டோவில் படத்தைப் பார்க்க சர்ஜன் இருந்தார். மகள் ஞாயிற்றுக்கிழமை காலை அனுப்பும் படத்தை இங்கே யார் திறக்கிறார்கள், எத்தனை மணிக்கு? டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு, அவர் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உடனே போன் போடுங்கள். நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ஆப்பைத் தொடவே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

செலவுக் கணக்கு அடுத்த வாரம்.