உங்களுக்குத் தெரியுமா? சிவப்பு விளக்குக் கேமராவும் முந்நூறு வெள்ளி சம்மனும்

எஸ்பிஏ நெடுஞ்சாலையின் நடு எழுத்து நம் பாயா ரும்புட்டுக்குச் சொந்தம். சுங்கை ஊடாங், பாயா ரும்புட், ஆயர் குரோ என்ற மூன்று ஊர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. பக்கத்திலேயே அலோர் காஜா, மலாக்கா தெங்ஙா, ஜாசின் மாவட்டங்களைக் கோத்துக்கொண்டு போகிறது ஏஎம்ஜே சாலை. பெயர்தான் நெடுஞ்சாலை, வழியில் சமிக்ஞை விளக்குகள் உண்டு. லாரி, ஆலை பஸ், வேலை முடிந்து வீடு திரும்பும் மோட்டார், எல்லாம் வேகமாக வந்து சட்டென்று நிற்க வேண்டிய சாலைகள் இவை. சிவப்பு விளக்குக் கேமரா இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா என்று நாட்டில் நடந்த வாதம் நம் வாசலில் நடந்த வாதம்தான்.

●

மலேசியாவில் இந்தத் தானியங்கிக் கேமராக்கள் ஏஇஎஸ் என்ற பெயரில் 2012 செப்டம்பர் 23-இல் சம்மன் எழுதத் தொடங்கின. முதலில் பேராக், சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களில் 14 கேமராக்கள் மட்டுமே. திட்டமோ மொத்தம் 831 கேமராக்களுக்கு. அதில் 566 வேகத்தைப் பிடிக்க, 265 சிவப்பு விளக்கை மீறுவோரைப் பிடிக்க.

●

அப்போது ஒரு சம்மன் 300 வெள்ளி. அந்த முந்நூறு வெள்ளியை இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது. தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று முதன்முதலாக நடைமுறைக்கு வந்ததே 2013 ஜனவரி 1-இல்தான். அது மாதம் 900 வெள்ளி. ஆக, ஒரே ஒரு சிவப்பு விளக்கு, ஒரு மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. தோட்டத்தை விட்டு வெளியேறி, தாமான் வீட்டுக்குத் தவணையும் மோட்டாருக்குத் தவணையும் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்தக் கடிதம் எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. நல்ல சம்பளக்காரருக்கு அதே 300 வெள்ளி ஒரு வார எண்ணெய்ச் செலவு. வருமானத்தைப் பார்க்காத அபராதம் ஏழைக்கு மட்டும் கனமாக விழுகிறது. இந்தக் குறையை எந்தக் கேமராவாலும் தீர்க்க முடியாது. சட்டம்தான் தீர்க்க வேண்டும்.

●

மக்களின் கோபத்துக்குக் கட்டணம் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், கேமராக்களை நடத்தியவர்கள். பெத்தா தெகாப், ஏடிஇஎஸ் என்ற இரண்டு தனியார் நிறுவனங்களிடம் குத்தகை கொடுக்கப்பட்டிருந்தது. முதல் கட்டத்தில் செல்லுபடியாகும் ஒவ்வொரு சம்மனுக்கும் 16 வெள்ளி அவர்களுக்கு. அதாவது எத்தனை பேர் தவறு செய்கிறார்களோ அத்தனை வருமானம். எல்லாரும் ஒழுங்காக நின்றுவிட்டால் நிறுவனத்துக்கு நஷ்டம். சாலைப் பாதுகாப்பை இப்படி ஒரு கணக்கில் கட்டிவைத்ததைத் தவறு என்று அன்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

●

அன்று எதிர்க்கட்சிக் கூட்டணி ஆண்ட சிலாங்கூர், பினாங்கு, கெடா, கிளந்தான் ஆகிய நான்கு மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் ஏஇஎஸ் கேமரா பொருத்துவதை நிறுத்திவைத்தன. நம் மலாக்கா அந்தப் பட்டியலில் இல்லை.

●

மூன்றே மாதத்தில், 2012 டிசம்பரில், அப்போதைய சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டாயில், சட்டச் சிக்கல்களை ஆராய்வதற்காக ஏஇஎஸ் வழக்குகளை நீதிமன்றத்தில் நிறுத்திவைத்தார். சம்மன் கையில் இருந்தவர்களுக்குக் கட்டுவதா, காத்திருப்பதா என்ற குழப்பம். முந்திக் கட்டியவர் ஏமாளியா என்ற கேள்வி அன்று பிறந்ததுதான். ஒவ்வொரு முறை சம்மன் தள்ளுபடி அறிவிக்கப்படும்போதும் இன்றுவரை அதே கேள்வி எழுகிறது.

●

பிறகு கை மாறிக்கொண்டே வந்தது. 2015-இல் ஆயுதப்படை நிதி வாரியம் எடுத்துக்கொண்டது. 2017 ஏப்ரல் 15-இல் கெஜாரா என்ற குற்றப்புள்ளி முறையோடு இணைத்து அவாஸ் என்று பெயர் மாற்றினார்கள். 2018 செப்டம்பர் 1 முதல், அந்தோணி லோக் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது, முழுக்க அரசே ஏற்றுக்கொண்டது; கேமரா சம்மன் 150 வெள்ளி என்று ஆயிற்று. அதற்குப் பின் கேமராவை ஒழி என்ற குரல் பெருமளவு அடங்கியது. கேமராக்கள் எங்கேயும் போய்விடவில்லை, கமிஷன்தான் போயிற்று. 2012-இல் மக்கள் எதை எதிர்த்தார்கள் என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவைப்படவில்லை.

●

இந்தக் கேமராவின் தந்தை ஒரு கார்ப் பந்தய வீரர். நெதர்லாந்தின் மவுஸ் கட்சோனிடஸ் 1953-இல் மொண்டே கார்லோ ராலியை வென்றவர். வளைவுகளில் தன் காரின் வேகத்தை அளந்து இன்னும் வேகமாக ஓட்டுவதற்காகத்தான் முதலில் கருவி செய்தார். அவருடைய நிறுவனம் 1960-களிலேயே சிவப்பு விளக்குக் கேமராவையும் சந்தைக்குக் கொண்டுவந்தது.

●

கேமரா உங்களை எப்படிப் பிடிக்கிறது? வெள்ளை நிறுத்தக் கோட்டுக்கு அருகே தாரில் செவ்வகமாகக் கீறி அடைத்த கறுப்புக் கோடுகளைப் பல சந்திப்புகளில் பார்க்கலாம். அடியில் கம்பிச் சுருள் புதைந்திருக்கிறது. மேலே இரும்பு வந்தால் அதன் மின் அளவு மாறும். சில சந்திப்புகளில் அது வண்டி காத்திருக்கிறது என்று விளக்குக்குச் சொல்வதற்கு மட்டும். கேமரா உள்ள இடத்தில், விளக்கு சிவப்பான பிறகு வண்டி கோட்டைத் தாண்டுகிறது என்ற தகவலும் அதிலிருந்து போகும். புதிய கருவிகள் கம்பியை விட்டுவிட்டு ராடாரோ வீடியோவோ பயன்படுத்துகின்றன. எதுவானாலும் வழக்கமாக இரண்டு படம்: ஒன்று கோட்டுக்கு முன்னால், இன்னொன்று சந்திப்புக்கு உள்ளே, இரண்டிலும் விளக்கு சிவப்பாக. மஞ்சளில் கோட்டைத் தாண்டிவிட்டு நடுவில் மாட்டிக்கொண்டவர் மீது இதனால் தவறாகப் பழி விழாது.

●

இனி மஞ்சள் விளக்கு. இந்த வாதத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறீர்கள். ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறீர்கள். மஞ்சள் எரிந்ததைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி. 17 மீட்டர் போயிற்று. பின்னால் வருபவர் மோதாதபடி நிதானமாகப் பிடித்தால் இன்னும் 46 மீட்டர் வேண்டும். ஆக நிற்பதற்கு 63 மீட்டர். மஞ்சள் மூன்றே வினாடி எரிந்தால் அதற்குள் நீங்கள் கடக்கக்கூடியது 50 மீட்டர்தான். கோட்டிலிருந்து 50-க்கும் 63-க்கும் இடையில் இருக்கும்போது மஞ்சள் எரிந்தால் நிதானமாக நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் கோட்டைத் தாண்டவும் முடியாது. அந்த 13 மீட்டரில் சிக்கியவர் சட்டத்தை மதிப்பவராக இருந்தாலும் கேமராவில் விழுவார்; இல்லையென்றால் பிரேக்கை மிதித்துப் பின்னால் வரும் லாரிக்கு இரையாவார். 60-க்கு மஞ்சள் 3.8 வினாடி வேண்டும். 80-இல் வரும் சாலைக்கு 4.7 வினாடி வேண்டும். மழை பெய்து தார் வழுக்கினால் இன்னும் கூடுதல்.

கேமரா பொருத்தும் ஒவ்வொரு சந்திப்பிலும் மஞ்சள் எத்தனை வினாடி என்பதைப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். சம்மனிலும் அச்சிட வேண்டும். இது சலுகை கேட்பதாகாது. தண்டிப்பவர் காட்ட வேண்டிய கணக்கு.

●

இதே கணக்கைப் போட்டதற்காக ஒருவருக்கு அபராதம் விதித்த நாடும் உண்டு. அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரம் என்பவரின் மனைவிக்கு 2013-இல் சிவப்பு விளக்குக் கேமரா சம்மன் வந்தது. மின்னணுவியல் படித்த அவர், மஞ்சள் நேரத்துக்கான சூத்திரம் வளைவில் திரும்பும் வண்டிகளுக்குப் போதாது என்று கணக்கிட்டு எல்லாரிடமும் சொன்னார். உரிமம் இல்லாமல் பொறியாளர் வேலை பார்த்தார் என்று மாநில வாரியம் 500 டாலர் அபராதம் போட்டது. அவர் விடவில்லை. 2018-இல் கூட்டரசு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2020-இல் போக்குவரத்துப் பொறியாளர் கழகம் தன் பரிந்துரையில் திரும்பும் வண்டிகளுக்குக் கூடுதல் மஞ்சள் நேரத்தைச் சேர்த்தது.

●

டெக்சஸ் மாநிலம் 2019 ஜூனில் சிவப்பு விளக்குக் கேமராக்களைச் சட்டம் போட்டே தடைசெய்தது. அதற்கு முன்பே 2010-இல் அங்குள்ள ஹூஸ்டன் நகர மக்கள் வாக்களித்து அவற்றை நிராகரித்திருந்தார்கள்.

சிகாகோவில் கதை வேறு. கேமரா ஒப்பந்தத்தை ரெட்ஃப்ளெக்ஸ் நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்ய லஞ்சம் வாங்கிய நகராட்சி அதிகாரி ஒருவருக்கு 2016-இல் பத்தாண்டு சிறை.

●

சரி, கேமரா உயிரைக் காக்கிறதா? அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகத்தின் 2005 ஆய்வில், கேமரா வந்த சந்திப்புகளில் பக்கவாட்டில் மோதும் விபத்து ஏறக்குறைய 25 விழுக்காடு குறைந்தது; பின்னால் மோதும் விபத்து 15 விழுக்காடு கூடியது. ஹூஸ்டன் நகரத்தை ஆராய்ந்தவர்கள் மொத்த விபத்து குறையவில்லை என்றார்கள். ஆனால் சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதிக் கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வைத்தான் நான் முதலில் வைப்பேன். கேமராவை அணைத்துவிட்ட நகரங்களில், சிவப்பு விளக்கை மீறியதால் நேரும் உயிர்ப்பலி விபத்தின் விகிதம், அணைக்காமல் இருந்திருந்தால் எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 விழுக்காடு அதிகமாக இருந்தது.

பின்னால் மோதினால் பெரும்பாலும் பம்பர் போகும். பக்கவாட்டில் மோதினால் ஆள் போகிறார். காரில் இருப்பவருக்காவது கதவு இருக்கிறது. மோட்டாரில் இருப்பவருக்கு அதுவும் இல்லை.

●

2012-இல், ஏஇஎஸ் தொடங்கிய ஆண்டில், மலேசியச் சாலைகளில் இறந்தவர்கள் 6,917 பேர். 2016-இல் 7,152 பேர். பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். சந்திப்பில் எல்லாருக்கும் முன்னால் வந்து கோட்டருகே நிற்பவர் மோட்டார்க்காரர்தான்; பச்சை எரிந்ததும் முதலில் பாய்பவரும் அவரே. குறுக்கே சிவப்பை மீறி வரும் லாரிக்கு முதலில் அகப்படுபவரும் அவரே. கேமரா வேண்டவே வேண்டாம் என்பவர்களோடு நான் பிரியும் இடம் இது.

●

ஜொகூர் பாரு வழியாக சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும்: அங்கே சிவப்பு விளக்குக் கேமரா 1986 முதலே இருக்கிறது. காருக்கு 400 சிங்கப்பூர் வெள்ளி, கூடவே 12 குற்றப்புள்ளி. 2024 ஏப்ரலிலிருந்து அந்தக் கேமராக்கள் வேகத்தையும் சேர்த்துப் பிடிக்கின்றன.

●

கேரளத்தில் 2023 ஜூன் 5-இல் 726 கேமராக்கள் அபராதம் விதிக்கத் தொடங்கின. அவற்றில் சிவப்பு விளக்குக்கு என்று இருந்தவை 18 மட்டுமே; 675 கேமராக்கள் ஹெல்மெட், சீட் பெல்ட் போன்றவற்றைப் பார்ப்பதற்கு. அங்கேயும் வாதம் ஒப்பந்தத்தைச் சுற்றித்தான் எழுந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள்.

●

சிவப்பில் இடப்பக்கம் திரும்பலாமா? மலேசியாவில் கூடாது. அனுமதிக்கும் பலகை இருந்தாலோ, திரும்புவதற்குத் தனித் தடம் இருந்தாலோ மட்டும்தான்.

●

சிவப்பை மீறினால் கெஜாராவில் 4 புள்ளி. சாதாரண லைசென்ஸ்காரருக்கு 20 புள்ளி சேர்ந்தால் எச்சரிக்கைக் கடிதம். 'பி' லைசென்ஸ் வைத்திருக்கும் இளையவருக்கு அதே 20 புள்ளியில் லைசென்ஸே பறிபோகும். வழக்கு நீதிமன்றம் போனால் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 79(2) பிரிவுப்படி 300 முதல் 2,000 வெள்ளி வரை அபராதம்.

●

போலீஸ் சம்மனும் ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்துத் துறையின் சம்மனும் ஒரே இடத்தில் வருவதில்லை. கேமரா சம்மனை மைஜேபிஜே செயலியில் பாருங்கள். போலீஸ் சம்மனுக்கு மைபாயார். சம்மன் கட்டணத்துக்கு 2026 ஜனவரி 1 முதல் புதிய முறை: 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 16 முதல் 30 நாளுக்குள் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, 60 நாள் வரை முழுத்தொகை, அதற்குப் பின் நீதிமன்றம். முந்திக் கட்டியவர் ஏமாளி ஆகாத முறை இது, வரவேற்கிறேன்.

●

கேமராவுக்கு எண் பலகை தெரியும். ஓட்டுபவர் யார் என்று தெரியாது. அதனால் கடிதம் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். நம் வீடுகளில் மோட்டார் அப்பா பெயரில் இருக்கும், ஓட்டுவது மகன். அன்று ஓட்டியது யார் என்ற விவரத்தைக் கேட்டால் கொடுக்க வேண்டியது உரிமையாளரின் கடமை என்கிறது அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு. கொடுக்காமல் இருப்பது தனிக் குற்றம். எனவே கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடாமல், படத்தில் உள்ள தேதியையும் நேரத்தையும் பார்த்து, அன்று மோட்டாரை எடுத்துப் போனவர் யார் என்று முதலில் வீட்டிலேயே கேட்டுவிடுங்கள்.