எதையும் மறைக்காத புத்தகம்

புதிய கைப்பேசியுடன் நமக்குக் கிடைப்பது ஒரு மடிப்புத் தாள். ஆனால் 1982-ல் அமெரிக்காவில் வெளிவந்த கமடோர் 64 என்னும் வீட்டுக் கணிப்பொறிக்கு ஏறக்குறைய 500 பக்கத்தில் ஒரு கையேடு இருந்தது தெரியுமா? (அதைத் தனியே விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.)

பேசிக் மொழியின் கட்டளைகள், இசை அமைக்கும் முறை, திரையில் படம் வரையும் முறை எல்லாம் அதில் உண்டு. எங்களை மிகவும் கவர்ந்தது நினைவக வரைபடம்தான். தெருவில் வீடுகளுக்குக் கதவு எண் இருப்பதுபோல், அந்தக் கணிப்பொறிக்குள் 65,536 முகவரி எண்கள். எந்த எண்ணில் என்ன வேலை நடக்கிறது என்று கையேடு சொல்லிவிடும். உதாரணமாக, 53280 திரையின் ஓரத்து நிறத்துக்கு உரியது. 'போக் 53280,0' என்று தட்டினால் ஓரம் கறுப்பாகும். 0-க்குப் பதில் 2 போட்டால் சிவப்பாகும். இப்படி 16 நிறங்கள்! ஏதாவது எண்ணை மாற்றிப் போட்டுக் கணிப்பொறி அசையாமல் நின்றுவிட்டால், அணைத்துவிட்டு மறுபடி போட்டால் போதும். ஆகவே சிறுவர்களும் பயமின்றிச் சோதித்துப் பார்த்தார்கள்.

புத்தகத்தின் கடைசியில் மின்சுற்றின் முழு வரைபடமே மடித்து வைக்கப்பட்டிருந்தது. இதற்கு முன்பே, 1978-ல், ஆப்பிள் 2-இன் சிவப்பு அட்டைக் கையேடு இன்னும் ஒருபடி மேலே போயிருந்தது. மின்சுற்றுப் படத்தோடு, கணிப்பொறியை உள்ளிருந்து இயக்கும் மானிட்டர் என்ற நிரலையும் வரிவரியாக அச்சிட்டிருந்தார்கள். ஸ்டீவ் வோஸ்னியாக் முதலியோர் எழுதிய நிரல் அது. தயாரித்தவர்களே தங்கள் வேலையை இப்படித் திறந்து காட்டியதால், வாங்கியவர்கள் அதை வரிவரியாகப் படித்தார்கள். அதில் செருகும் புதிய அட்டைகளை வெளியாரும் செய்து விற்றார்கள்.