பில் தேதியிலிருந்து எண்ணாதீங்க: தனியாளாகத் தொழில் செய்பவரின் 45 நாள் கணக்கு

கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஜாப் ஒர்க் செய்யும் லேத் பட்டறைக்காரரிடம் "பணம் எப்பங்க வரும்?" என்று கேட்டுப் பாருங்க. "பில் பாஸ் ஆகி தொண்ணூறு நாளுங்க" என்று வரும் பதில். கம்பெனிகளுக்கு கோட் எழுதிக் கொடுத்து பில் போடும் என்னைப் போன்ற தனியாட்களும் அப்படித்தான் எண்ணுகிறோம். பில் தேதியில் ஆரம்பித்து, பார்ட்டி சொல்லும் நாள் வரைக்கும்.

சட்டம் எண்ணுவது வேறு மாதிரி. கொஞ்ச நாளாக இதைத் தோண்டிக்கொண்டிருந்தேன், அதன் குறிப்புகள் இவை.

எந்த நாளிலிருந்து?

குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006ல் 15வது பிரிவுதான் அடிப்படை. வாங்குபவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்த ஒப்பந்தமும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் 15 நாள்தான்.

இந்த நாட்கள் பில் தேதியிலிருந்து ஓடுவதில்லை. சரக்கைக் கொடுத்த நாள், அல்லது வேலையை முடித்துக் கொடுத்த நாளிலிருந்து ஓடுகின்றன. குறை இருந்தால் பார்ட்டி 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொன்னால், குறையைச் சரிசெய்த நாள் கணக்குக்கு வரும். சொல்லாவிட்டால் கொடுத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள்.

உதாரணம்: ஏப்ரல் 2ல் வேலை முடித்துக் கொடுத்தாச்சு. மாதக் கடைசி என்று ஏப்ரல் 30ல் பில். பார்ட்டி பில்லிலிருந்து 45 நாள் எண்ணினால் ஜூன் 14. சட்டப்படி மே 17. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் ஏப்ரல் 17லேயே கெடு முடிந்துவிட்டது, பில்லே இன்னும் போகவில்லை! பி.ஓ.வில் "90 நாள்" என்று அச்சடித்திருந்தாலும் 45க்கு மேல் அது செல்லாது.

ஜிஎஸ்டி காத்திருக்காது

சேவைக்கு, வேலை முடிந்த 30 நாளுக்குள் பில் போட்டாக வேண்டும். போட்டுவிட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் வரி கட்டணும். மேலே சொன்ன பில் ஒரு லட்சம், வரி 18% என்று வையுங்க. மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் மே 20க்குள் 18,000 ரூபாயைக் கைக்காசிலிருந்து கட்டுவார் (உள்ளீட்டு வரி இருந்தால் கொஞ்சம் குறையும்). பார்ட்டி ஆகஸ்டில் பணம் தந்தால், மூணு மாதம் நாமே வட்டியில்லாக் கடன் கொடுத்த மாதிரி. புரொஃபார்மா பில் அனுப்பிச் சமாளிக்கலாம் என்றால், அதுவும் அந்த 30 நாள் வரைக்கும்தான்.

பார்ட்டிக்கு என்ன நஷ்டம்?

மூன்று இடத்தில் அடி விழும்.

ஒன்று, வட்டி. ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. 2023-24ல் பாங்க் ரேட் 6.75%, அப்போ வட்டி 20.25%. ஒரு லட்சம் மூன்று மாதம் தாமதமானால் சுமார் 5,148 ரூபாய். இந்த வட்டியைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்கவும் முடியாது.

இரண்டு, 43பி(எச்). 2023 நிதிச் சட்டத்தில் சேர்த்து 2024 ஏப்ரல் 1ல் அமலுக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராமல், அந்த நிதியாண்டு முடியும்வரை பாக்கி வைத்தால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுக்கும் வருடத்தில்தான் கழிவு. அதனால் இதன் பலம் மார்ச் மாதத்தில்தான் தெரியும். கெடு தாண்டிய பாக்கிப் பட்டியலை மார்ச் முதல் வாரமே பார்ட்டியின் அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பிவிடுங்க, அவங்க ஆடிட்டரே மீதியைப் பார்த்துக்குவார். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உற்பத்தி, சேவைக்கு மட்டும்தான்.

மூன்று, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், பார்ட்டி எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பணும்.

பில்லில் என்ன இருக்கணும்?

- வரிசையான பில் எண், 16 எழுத்துக்குள்.
- டெலிவரி சலான் எண்ணும் தேதியும். சலானில் ஸ்டோர்ஸ் கையெழுத்தும் சீலும் கட்டாயம் வாங்குங்க. சாஃப்ட்வேர் வேலை என்றால் "இன்று ஒப்படைத்தேன், குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்" என்று ஒரு மெயில்.
- உத்யம் எண், கூடவே "குறு நிறுவனம்" என்ற வார்த்தை.
- கெடுவை "45 நாள்" என்று எழுதாமல் "மே 17" என்று தேதியாக.
- ஜிஎஸ்டியைத் தனி வரியாக. அப்போதுதான் டிடிஎஸ் வரி சேர்க்காத தொகைக்கு மட்டும் பிடிப்பார்கள் (2017 ஜூலையில் வந்த சிபிடிடி சுற்றறிக்கை).

உத்யம் பதிவு இலவசம். வேலை எடுக்கும் முன்பே பதிந்துவிடுங்க. பதிவுக்கு முன் கொடுத்த சரக்குக்கு இந்தச் சட்டத்தின் பலன் கேட்க முடியாது என்று 2021ல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு அமர்வு இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. நாம எதுக்கு அந்த வம்பில் மாட்டணும்?

புகார் கொடுக்கலாமா?

மனு போட்டால், அது வசதியாக்கல் கவுன்சிலுக்குப் போகும். நமக்குக் கோவையிலேயே ஒன்று இருக்கு. 90 நாளில் முடிவு சொல்லணும் என்பது சட்டம். பார்ட்டி அந்த உத்தரவை ரத்து செய்யக் கோர்ட்டுக்குப் போனால் 75% தொகையை முதலில் கட்டணும்.

ஆனாலும் பட்டறைக்காரர் போக மாட்டார். ஒரே பார்ட்டியை நம்பி மூணு மெஷின் ஓடும்போது, 5,148 ரூபாய் வட்டிக்காக அடுத்த ஆர்டரை யார் இழப்பாங்க? சட்டத்தால் தீர்க்க முடியாத இடம் இதுதான். புகாரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, சலானையும் கெடு தேதியையும் முதல் வேலையிலிருந்தே சரியாக எழுதிவிட்டால், "பில் பாஸ் ஆகட்டுங்க" என்று பார்ட்டி சொல்லும்போது, "சலான் தேதி ஏப்ரல் 2ங்க, மே 17க்குள்ள போட்டு விட்ருங்க" என்றாவது சொல்லலாம். அதைச் சொல்ல யாரிடமும் சண்டை போடத் தேவையில்லை.