டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்ட ரசிகர்கள்!

ஆஸ்திரியாவின் தலைநகரமான வியன்னாவில், சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சினிமாத் தியேட்டரில் பெரும் கலாட்டா நடந்தது. படம் பார்க்க வந்த ஜனங்கள் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுக்க முடியாது என்று பதில் வந்தது. அவ்வளவுதான்! கூச்சல், குழப்பம், கைகலப்பு. கடைசியில் போலீசார் வந்து தடியைச் சுழற்றிய பிறகே அமைதி திரும்பியது.

அப்படி ஆத்திரமூட்டிய படம் எது? ஆபாசப் படமா? அரசியல் படமா? இரண்டும் இல்லை. அது ஒரு பேய்ப் படம். பெயர் "வாம்பிர்". இரத்தம் குடிக்கும் காட்டேரி என்று அர்த்தம். எடுத்தவர் டென்மார்க் தேசத்து டைரக்டர் கார்ல் டிரேயர்.

இன்று அதே படத்தை உலகத்தின் தலைசிறந்த பேய்ப் படங்களில் ஒன்று என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. பாதிப் படத்தில் கொட்டாவி விடுகிறவர்களும் உண்டு!

கதை என்ன?

ஆலன் கிரே என்ற வாலிபன் ஆற்றங்கரையிலுள்ள ஒரு விடுதிக்கு வருகிறான். நடு இரவில், பூட்டிய அறைக்குள் ஒரு கிழவர் நுழைகிறார். "அவள் சாகக் கூடாது" என்கிறார். தம் மரணத்துக்குப் பிறகு பிரிக்கும்படி எழுதி, ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போகிறார். பக்கத்து மாளிகையில் அந்தக் கிழவரின் மகள் நாளுக்கு நாள் வெளுத்துப் போய்க் கிடக்கிறாள். கல்லறையிலிருந்து எழுந்து வரும் ஒரு கிழவி அவளுடைய இரத்தத்தை உறிஞ்சுகிறாள். வைத்தியம் பார்க்க வரும் டாக்டரே அந்தக் கிழவிக்குக் கையாள்!

நல்ல கதைதானே? ஆனால், டிரேயர் சொன்ன விதமே வேறு. மனிதனை விட்டுவிட்டு அவனுடைய நிழல் மட்டும் தனியே நடக்கிறது. பிறகு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. யார், எங்கே, ஏன் என்று யாரும் விளக்குவதில்லை. பேச்சும் சொற்பம். படம் முழுவதும் மூடுபனிக்குள் நடப்பதுபோல் சாம்பல் நிறம்.

அந்தச் சாம்பல் நிறம் வந்ததே ஒரு தவறினால்தான். சோதனைக்காக எடுத்த சுருளில், எங்கிருந்தோ லென்ஸ் மீது வெளிச்சம் விழுந்து படம் மங்கிப்போயிற்று. வேறு டைரக்டராக இருந்தால் காமிராக்காரரைத் திட்டியிருப்பார். டிரேயரோ, "இதுதான் எனக்கு வேண்டும்" என்று பிடித்துக்கொண்டார். காமிராக்காரர் ருடால்ப் மாட்டே காமிராவுக்கு முன்னால் சல்லாத் துணியைக் கட்டிப் படம் எடுத்தார்.

பிணத்தின் கண்ணில் உலகம்

படத்தைத் திட்டுகிறவர்களும் மறக்காத காட்சி ஒன்று உண்டு. வாலிபனின் ஆவி உடலை விட்டு எழுந்து செல்கிறது. ஓர் அறையில் சவப்பெட்டி. அதற்குள் கிடப்பது யார்? அவனேதான்! கண்கள் திறந்திருக்கின்றன. பெட்டியின் மூடியில், முகத்துக்கு நேராகச் சிறு கண்ணாடி. மூடியை வைத்து ஆணி முடுக்குகிறார்கள். அந்தக் கிழவி குனிந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கிறாள். பிறகு பெட்டியைத் தூக்கிச் செல்கிறார்கள்.

இப்போது காமிரா பெட்டிக்குள் இருக்கிறது. பிணம் என்ன பார்க்குமோ, அதையே நாமும் பார்க்கிறோம். மரக்கிளைகள் மேலே நகர்கின்றன. வானம் நகர்கிறது. மாதா கோயில் கோபுரம் தலைக்கு மேல் சாய்ந்து போகிறது. தன் சவ ஊர்வலத்தைத் தானே மல்லாந்து படுத்துப் பார்ப்பது! இரத்தம் இல்லை, கோரப்பல் இல்லை. ஆனாலும் முதுகுத்தண்டு சில்லிடுகிறது.

பணம் போட்ட பிரபு

1928-ல் டிரேயர் எடுத்த "ஜோன் ஆப் ஆர்க்" படத்தை விமரிசகர்கள் புகழ்ந்தார்கள், வசூல்தான் இல்லை. முதலாளிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். அப்போது கைகொடுத்தவர், பாரீசில் வாழ்ந்த நிக்கலாஸ் குன்ஸ்பெர்க் என்ற இளம் பிரபு. பணம் தருகிறேன், கதாநாயகன் வேடம் எனக்கு என்றார். பாங்கி நடத்திய குடும்பம் அவருடையது. பையன் கூத்தாடுவதை வீட்டார் விரும்பவில்லை. ஆகவே "ஜூலியன் வெஸ்ட்" என்ற புனைபெயரில் நடித்தார்.

மற்றவர்களும் பெரும்பாலும் நடிப்புத் தெரியாதவர்களே. டாக்டராக வரும் மனிதரை, பின்னிரவில் பாரீஸ் சுரங்க ரயிலில் கண்டு பிடித்துவந்தார்களாம்! பாரீசுக்குத் தெற்கே ஒரு சிறு கிராமத்தின் பழைய மாளிகையில் படப்பிடிப்பு. நடிகர்கள் தங்கியதும் அங்கேதான். குளிர் ஒரு பக்கம், எலித் தொல்லை ஒரு பக்கம்.

பெர்லினில் விழுந்த அடி

படம் 1932 மே 6-ந் தேதி பெர்லினில் வெளியாயிற்று. ரசிகர்கள் கேலிக் கூச்சல் போட்டார்கள். டிரேயர் சில காட்சிகளை வெட்டினார். பயன் இல்லை. ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதியவர் பல வகையில் இது மிக மோசமான படம் என்றார். ஆனால் சில காட்சிகள் ஆளைப் பிடித்து உலுக்கிவிட்டன என்றும் அவரே ஒப்புக்கொண்டார். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள் என்பது இருக்கட்டும். இங்கே ஒரே மனிதர் இரண்டு கட்சி!

ரசிகர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயம் அல்ல. அமெரிக்காவின் "டிராகுலா", "பிராங்கன்ஸ்டைன்" இரண்டும் அதற்குள் வந்துவிட்டன. பேய் என்றால் இன்னது என்று ஜனங்களுக்கு ஒரு கணக்கு ஏற்பட்டுவிட்டது. பேய் வர வேண்டும், பயமுறுத்த வேண்டும், ஒழிய வேண்டும். காசு கொடுத்தவனுக்கு, யாரோ கண்ட கனவைப் பாதியிலிருந்து காட்டினால் கோபம் வராதா?

ஆனால், அந்தக் கோபத்துக்கு டிரேயர் கொடுத்த விலை அதிகம். மனம் உடைந்து, நரம்புத் தளர்ச்சி கண்டு, பிரான்சில் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அவர் பிறந்த ஊரான கோபன்ஹேகனில் 1933 மார்ச்சில் படம் திரையிடப்பட்டபோது அவர் போகவே இல்லை. பிறகு பத்திரிகைத் தொழிலுக்குத் திரும்பி, கோர்ட்டு வழக்குகளைப் பற்றி எழுதிப் பிழைத்தார். அடுத்த முழுநீளப் படத்தை அவர் எடுத்தது 1943-ல்! பதினோரு வருஷம் வீண்.

"வாம்பிர்" படத்தின் மூல நெகட்டிவ் காணாமல் போய்விட்டது. ஜெர்மன், பிரெஞ்சுப் பிரதிகளில் மிஞ்சியதைச் சேர்த்து 1998-ல் செப்பனிட்டார்கள்.  டிரேயர் 1968-ல் காலமானார். அதற்கு நான்கு வருஷம் முன்பு, 75-வது வயதில், "கெர்ட்ரூட்" என்ற தமது கடைசிப் படத்தைப் பாரீசில் வெளியிட்டார். அதையும் பத்திரிகைகள் கிழித்தெறிந்தன. இந்தத் தடவை அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஏசுநாதரின் வாழ்க்கையைப் படமெடுக்கப் பணம் தேடிக்கொண்டிருந்தார்.