படங்குக் கயிறும் வயிற்றுத் துளையும்

மலத்தோடு ரத்தம் போனால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அதற்குப் பெயர் மூலம். இல்லாவிட்டால் உடம்புச் சூடு. கொழுந்து மலையில் நிற்கிற பெண் அதை யாரிடம் போய்ச் சொல்வாள்? ஒரு பக்கம் வெட்கம், மறுபக்கம் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழாது என்ற கணக்கு. வெந்தயமும் மோரும் குடித்தே மாதங்கள் ஓடிவிடும்.

அந்த ரத்தம் மலக்குடல் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி 15 சென்ரிமீற்றர். அதன் கீழ்ப்பகுதியில் கட்டி இருந்தால் கையுறை போட்ட விரலுக்கே தட்டுப்படும். காசு செலவில்லாத சோதனை. என்னைக் கேட்டால், இந்த நோயில் சத்திரசிகிச்சை ரோபோவைவிடப் பெரிய கருவி அந்த விரல்தான்.

மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. புற்றுநோய் முதலில் பரவும் நிணநீர் முடிச்சுகள் அதற்குள்தான் கிடக்கின்றன. சத்திரசிகிச்சையில் உறை கிழிந்தால் நோய் உள்ளேயே தங்கிவிடும். அந்தக் காலத்தில் மூன்று, நான்கு பேரில் ஒருவருக்கு அதே இடத்தில் கட்டி திரும்ப வந்தது. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகர சத்திரசிகிச்சை நிபுணர் பில் ஹீல்ட் 1982இல் ஒரு வழி சொன்னார்: சோற்றுப் பொட்டலத்தை இலை கிழியாமல் தூக்குவதுபோல, உறையோடு முழுசாக எடுங்கள். திரும்ப வருவது நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இறங்கியது.

லப்ரஸ்கோப்பி அதே வேலையைத் துளை வழியாகச் செய்கிறது. வயிற்றுக்குள் கரியமிலவாயுவை நிரப்பி, 5 முதல் 12 மில்லிமீற்றர் அளவில் நாலைந்து துளை போடுவார்கள். இடுப்புக்கூட்டின் ஆழத்தில், கண்ணுக்கு எட்டாத சிலந்தி நூல் போன்ற இழைகளைக் கமெரா பெரிதாக்கிக் காட்டும். கட்டியை வெளியே எடுக்க மட்டும் சில சென்ரிமீற்றர் வெட்டு. தமிழ்நாட்டில் இந்த முறையில் பேர்போனவர் கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் சி. பழனிவேலு. இளவயதில் மலேசியத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். அதைத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் சொல்வதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

துளை சின்னது என்பதற்காக நோய் கூடுதலாகக் குணமாகிவிடாது. 2015இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், மூன்று ஆண்டில் அதே இடத்தில் நோய் திரும்பியது, துளை முறையிலும் வயிற்றைத் திறக்கும் முறையிலும் நூற்றுக்கு ஐந்துதான். அதே ஆண்டு அமெரிக்க, அவுஸ்திரேலிய ஆய்வுகளோ உறையை முழுசாக எடுப்பதில் துளை முறை சளைத்ததல்ல என்று நிரூபிக்க முடியாமல் நின்றன. கருப்பையையோ சிறுநீர்ப்பையையோ கட்டி பிடித்திருந்தால் இன்றும் பலர் வயிற்றைத் திறக்கத்தான் செய்கிறார்கள். வலி குறைவதும் சீக்கிரம் எழுந்து நடப்பதும்தான் துளையின் லாபம். சுமை தூக்கிப் பிழைக்கிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி உறையின் விளிம்பைத் தொட்டால் கத்தி காத்திருக்க வேண்டும். முதலில் கதிரும் மருந்தும் கொடுத்துச் சுருக்குவார்கள். ஹட்டன்காரருக்குக் கதிர் என்றால் கண்டி, இல்லாவிட்டால் மஹரகம. கண்டிக்கென்றால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் வளைந்து வளைந்து, அதுவும் உட்கார முடியாத நோயோடு. பழைய முறையில் ஐந்து வாரத்துக்கும் மேல். குறுகிய முறையில் ஐந்தே நாள். பிறகு மருந்து, பிறகு சத்திரசிகிச்சை. எல்லாருக்கும் அது பொருந்தாது. பொருந்துகிறவருக்கு எத்தனை நாள் பேர் மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கட்டியை எடுத்துக் குடலை இணைத்த இடம் ஆறும்வரை பலருக்குச் சில மாதம் வயிற்றில் மலம் சேரும் பை மாட்டுவார்கள். சத்திரசிகிச்சைக்கு முன்னரே நோயாளியை உட்கார, குனிய, நிமிரச் சொல்லி, மடிப்பு விழாத இடத்தில் பைக்காகப் பேனாவால் புள்ளி வைப்பது வழக்கம். கொழுந்து பறிக்கிறவர் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கயிறால் இறுக்கிக் கட்டுவார். அந்தக் கயிறு எங்கே விழுகிறது என்று வார்ட்டில் யாரும் கேட்கப்போவதில்லை. கயிற்றைக் கையோடு கொண்டுபோய், கட்டியே காட்டிவிடுங்கள்.