விமான நூல்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

1899ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள். அமெரிக்காவில் டேட்டன் என்னும் ஊரில் சைக்கிள் கடை நடத்தி வந்த வில்பர் ரைட், வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பறத்தல் பற்றி அந்நிறுவனம் வெளியிட்ட கட்டுரைகளை அனுப்பும்படியும், அதைப் பற்றி ஆங்கிலத்தில் வந்துள்ள மற்ற நூல்களின் பட்டியலைத் தரும்படியும் அதில் கேட்டிருந்தார். சில சிறு நூல்களும் ஒரு பட்டியலும் அவருக்கு வந்து சேர்ந்தன. ஆக்டேவ் சனூட், சாமுவேல் லாங்லி ஆகியோரின் நூல்கள் அப்பட்டியலில் இருந்தன. ஜெர்மானியரான ஆட்டோ லிலியென்தால் எழுதிய கட்டுரையும் வந்த சிறு நூல்களில் ஒன்று. நான்கரை ஆண்டுகள் கழித்து, 1903 டிசம்பர் 17 அன்று, வில்பரும் அவருடைய தம்பி ஆர்வில்லும் தாங்கள் கட்டிய விமானத்தில் பறந்தார்கள். எனவே விமானத்தின் வரலாறு ஒரு வகையில் நல்ல நூல்களைத் தேடியதிலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

விமானங்களைப் பற்றியும் விமானிகளைப் பற்றியும் இன்று நூற்றுக்கணக்கான நூல்கள் உள்ளன. அவற்றில் சில சிறந்தவை, பல சுமாரானவை, சில தவறான செய்திகளைப் பரப்புபவை. அழகிய வண்ண அட்டையைப் பார்த்து மட்டும் இவற்றைப் பிரித்தறிய முடியாது. அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? சில எளிய சோதனைகள் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற் சோதனை: விமானம் ஏன் பறக்கிறது?

நூலில் இறக்கையைப் பற்றிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல நூல்களில் இப்படி ஒரு விளக்கம் இருக்கும்: 'இறக்கையின் மேற்புறம் வளைந்திருப்பதால் அங்கே பாதை நீளம். முன் விளிம்பில் பிரிந்த காற்று பின் விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டும். ஆகவே மேலே செல்லும் காற்று வேகமாக ஓடுகிறது. அதனால் அழுத்தம் குறைந்து விமானம் மேலே எழுகிறது.'

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இது தவறு. பிரிந்த காற்று ஒரே நேரத்தில் மீண்டும் சேர வேண்டும் என்று எந்த இயற்கை விதியும் இல்லை. சோதனைக்கூடத்தில் காற்றோட்டத்தில் புகையை விட்டுப் பார்த்தால், மேற்புறக் காற்றே முந்திக்கொண்டு பின் விளிம்பை அடைவது தெரியும். மேலும், நீங்கள் காகிதத்தில் செய்யும் ஏரோப்பிளேனின் இறக்கை தட்டையானதுதானே? அது எப்படிப் பறக்கிறது? வித்தை காட்டும் விமானங்கள் தலைகீழாகப் பறக்கின்றனவே, அது எப்படி?

உண்மை விளக்கம் இதுதான். இறக்கை காற்றோட்டத்துக்குச் சற்றுச் சாய்வாக அமைகிறது. அது தன்னைக் கடந்து செல்லும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. இதே நிகழ்ச்சியை அழுத்தத்தின் வழியாகவும் சொல்லலாம்: இறக்கையின் மேலே காற்று வேகமாகச் செல்கிறது, அழுத்தம் குறைகிறது, கீழே அழுத்தம் கூடுதலாக இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையான விளக்கங்கள் அல்ல. ஒரே செயலின் இரண்டு முகங்கள். சாய்வை அளவுக்கு மீறிக் கூட்டினால் காற்றோட்டம் இறக்கையின் மேற்பரப்பை விட்டு விலகிவிடும். தூக்கு விசை திடீரெனக் குறையும். இவற்றைச் சொல்லும் நூல் நல்ல நூல். 'ஒரே நேரத்தில் சேர வேண்டும்' என்று சொல்லும் நூலின் மற்றப் பக்கங்களையும் சற்று எச்சரிக்கையோடு படியுங்கள்.

இரண்டாம் சோதனை: 'முதன்முதல்' என்னும் சொல்

வரலாற்று நூல்களில் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய சொல் இது. 'அட்லாண்டிக் கடலை முதன்முதலில் விமானத்தில் கடந்தவர் லிண்ட்பர்க்' என்று சில நூல்கள் கூறும். அவர் 1927 மே 20ஆம் நாள் நியூயார்க்கில் புறப்பட்டு, 33½ மணி நேரம் பறந்து, மறுநாள் இரவு பாரிஸ் நகரில் இறங்கினார். அரிய சாதனைதான். ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1919 ஜூன் மாதத்தில், ஆல்காக், பிரௌன் என்னும் இருவர் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு இடையில் நிற்காமல் பறந்துவிட்டார்கள். லிண்ட்பர்க் 'தன்னந்தனியாக, இடையில் நிற்காமல்' கடந்த முதல் மனிதர். இந்த இரண்டு அடைமொழிகளையும் விடாமல் எழுதுபவரே கவனமுள்ள ஆசிரியர்.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் பைகளுடன் தம் சிறு விமானத்தில் பம்பாய்க்குப் பறந்தார். அவர் சென்னை வரை ஓட்டி வந்ததாகச் சில நூல்களில் காணலாம். உண்மையில் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு வந்தவர் அவருடைய கூட்டாளியான நெவில் வின்சென்ட். இந்தியாவில் விமானத் தபால் அன்றுதான் தொடங்கியது என்பதும் பிழை. 1911 பிப்ரவரி 18 அன்றே ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி, அலகாபாத்திலிருந்து யமுனைக்கு அப்பாலுள்ள நைனிக்கு ஏறத்தாழ 6,500 கடிதங்களை விமானத்தில் எடுத்துச் சென்றிருக்கிறார்.

'முதல் விமானம்' பற்றிய சண்டையில் பெரிய நிறுவனங்களே தவறியதுண்டு. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவராக இருந்த லாங்லி கட்டிய விமானம் 1903 அக்டோபரிலும் டிசம்பரிலும் ஆற்றில் விழுந்தது. அதை 1914இல் பல மாற்றங்கள் செய்து சிறிது தூரம் பறக்க வைத்து, 'பறக்கும் திறன் பெற்ற முதல் விமானம் இதுவே' என்று அந்நிறுவனம் காட்சிக்கு வைத்தது. மனம் வெறுத்த ஆர்வில் ரைட், தம் விமானத்தை 1928இல் லண்டன் அறிவியல் காட்சிசாலைக்கு அனுப்பிவிட்டார். 1942இல்தான் நிறுவனம் அந்த மாற்றங்களை ஒப்புக்கொண்டது. ரைட் விமானம் 1948இல் தாய்நாடு திரும்பியது. அதைக் காண ஆர்வில் உயிரோடு இல்லை. எழுதியவர் யார், அவருக்கு அதில் என்ன அக்கறை என்று கேட்டுப் பார்ப்பது எவ்வளவு தேவை என்பதை இது காட்டுகிறது.

மூன்றாம் சோதனை: சான்று எங்கே?

பழங்கால இந்தியாவிலேயே விமானங்கள் இருந்தன என்று கூறும் நூல்களை நீங்கள் பார்த்திருக்கலாம். 'வைமானிக சாஸ்திரம்' என்னும் நூலை அவை சான்றாகக் காட்டும். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து அறிஞர்கள் அந்நூலை ஆராய்ந்து 1974இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அது பழைய நூல் அன்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானதே என்றும், அதில் வரையப்பட்டுள்ள விமானங்கள் பறக்கும் தன்மை அற்றவை என்றும் கண்டார்கள். புட்பக விமானத்தைக் காவியத்தில் படித்து மகிழ்வதில் தடையில்லை. கற்பனையைப் பொறியியல் என்று கொள்வதுதான் கூடாது. நல்ல நூலாசிரியர் தாம் கூறும் செய்தி எங்கிருந்து கிடைத்தது என்பதைச் சொல்வார். நூலின் கடைசியில் துணைநூற் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காம் சோதனை: விபத்தைப் பற்றி என்ன சொல்கிறது?

சில நூல்கள் விபத்துகளை மர்மக் கதைபோல் எழுதி நிறுத்திவிடும். நல்ல நூல் காரணத்தைத் தேடும். காமெட் விமானத்தின் கதையைப் பாருங்கள். பயணிகளுடன் வழக்கமாகப் பறந்த முதல் ஜெட் விமானம் அது. 1952 மே மாதத்தில் சேவை தொடங்கியது. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட்டுகள் நடுவானில் சிதறி மத்தியதரைக் கடலில் விழுந்தன. எவரும் பிழைக்கவில்லை.

இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் இருந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு முழு விமானத்தின் உடற்பகுதியைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்தார்கள். உள்ளே நீரைச் செலுத்தி அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் வந்தார்கள். ஏன் நீர்? காற்றை அடைத்துச் சோதித்தால், உடையும்போது அது வெடிகுண்டைப் போல் வெடித்துச் சான்றுகளை அழித்துவிடும். நீர் அவ்வாறு விரிவதில்லை. உயரே பறக்கும்போது விமானத்தின் உட்புறம் அழுத்தத்தால் உப்பும். இறங்கும்போது பழைய நிலைக்கு வரும். இப்படிப் பலமுறை நடந்ததும், திறப்பு ஒன்றின் மூலையில் தோன்றிய சிறு விரிசல் பெருகி உடற்பகுதி பிளந்தது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிகிறதல்லவா? அதே உலோகச் சோர்வுதான் இது. இந்த ஆராய்ச்சியின் பாடம் பின்னர் வந்த விமானங்களின் வடிவமைப்பில் சேர்ந்தது. இத்தகைய நூல் ஒன்றைப் படித்தால், நூறு மர்மக் கதைகளால் கிடைக்காத அறிவு கிடைக்கும்.

விமானிகள் எழுதியவை

விமானிகளின் அனுபவ நூல்களுக்குத் தனிச் சுவை உண்டு. பிரெஞ்சு விமானியான செந்த் எக்சுபெரி 1935 டிசம்பர் இறுதியில் லிபியப் பாலைவனத்தில் விழுந்து, நீரின்றி அலைந்து, அரபு நாடோடி ஒருவரால் காப்பாற்றப்பட்டார். அந்தத் தாகத்தை அவர் 1939இல் வெளியிட்ட நூலில் படிக்கும்போது நம் நாவும் வறளும். இதை எந்தப் பாடப்புத்தகமும் தர முடியாது.

ஆனால் ஒருவர் எப்போது எழுதினார் என்பதையும் பார்க்க வேண்டும். லிண்ட்பர்க் தம் பயணம் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார். முதலாவது, பறந்த இரண்டே மாதங்களில் அவசரமாக வெளிவந்தது. இரண்டாவதை அவர் பல ஆண்டுகள் உழைத்து 1953இல் வெளியிட்டார். அதற்கு 1954இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. தூக்கத்தோடு அவர் போராடியதை விரிவாகச் சொல்வது இரண்டாவது நூலே. ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் அதையே எடுங்கள். நாள், தூரம், வேகம் போன்ற விவரங்களை வேறொரு வரலாற்று நூலோடு ஒப்பிட்டுக்கொள்வது எப்போதும் நல்லது.

நூலை எடுத்ததும் பார்க்க வேண்டியவை

1. வெளியான ஆண்டு. 1980இல் அச்சான நூல், கன்கார்டு விமானம் ஒலியை மிஞ்சும் வேகத்தில் பயணிகளை ஏற்றிச் செல்கிறது என்று கூறும். அன்று அது உண்மை. 1976இல் தொடங்கிய அச்சேவை 2003இல் நின்றுவிட்டது. நம் தேஜஸ் விமானம் முதலில் பறந்தது 2001 ஜனவரி 4இல்; பழைய நூலில் அதைத் தேடிப் பயனில்லை. ஆனால் தூக்கு விசையும் ஜெட் எஞ்சினின் தத்துவமும் பழமையாவதில்லை.

2. படங்கள். வெறும் புகைப்படங்கள் போதா. பாகங்களைப் பெயரிட்டுக் காட்டும் வெட்டுத் தோற்றப் படங்கள் இருக்க வேண்டும்.

3. சொல்லடைவு. தேடும் செய்தியை உடனே எடுக்க இது உதவும்.

4. அலகுகள். அடி, மைல், கிலோமீட்டர் ஆகியவற்றைக் குழப்பாமல் தந்திருக்க வேண்டும்.

டூயி தசம முறையில் அடுக்கப்பட்ட நூலகங்களில், விமானப் பொறியியல் நூல்களை 629.13 என்ற எண்ணிலும், விமானப் போக்குவரத்து நூல்களை 387.7 என்ற எண்ணிலும் காணலாம். ஒரே பொருள் பற்றி இரண்டு நூல்களை எடுத்து வந்து ஒப்பிட்டுப் படியுங்கள்.

நூல்களையும் சோதிக்க வேண்டும்

ரைட் சகோதரர்கள் தாங்கள் படித்த நூல்களை நம்பித்தான் 1901இல் கிளைடர் கட்டினார்கள். கணக்கிட்டதில் மூன்றில் ஒரு பங்கு தூக்கு விசையே கிடைத்தது. சோர்ந்து போனாலும், ஒரு மரப்பெட்டியில் விசிறியைப் பொருத்திக் காற்றுச் சுரங்கம் செய்து, ஏறத்தாழ 200 சிறு இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். காற்றழுத்தத்தைக் கணக்கிட எல்லாரும் பயன்படுத்திய ஓர் எண், ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளரின் காலத்திலிருந்து வந்த 0.005 என்பது, தவறென்று கண்டார்கள். சரியான மதிப்பு ஏறக்குறைய 0.0033. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நூலுக்கு நூல் படியெடுக்கப்பட்டு வந்த பிழை அது! திருத்திய கணக்கின்படி 1902இல் கட்டிய கிளைடர் நன்றாகப் பறந்தது. மறு ஆண்டு விமானமே பறந்தது.

அவர்கள் நூல்களைத் தேடிப் படித்தார்கள். படித்ததை அளந்து பார்த்தார்கள். நாமும் அவ்வாறே செய்வோம்.