பல் போன இடத்தில் பல்செட்டா, இம்ப்ளான்டா?

'பல் போனால் சொல் போச்சு' என்பார்கள். குர்ஆன் ஓதுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மேல் முன்பற்களின் நுனி கீழுதட்டில் பட்டால்தான் ஃபா என்ற எழுத்து சரியாக வரும். மூன்று புள்ளி ஸா, தால், ளா ஆகியவற்றுக்கு நாக்கு நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட வேண்டும். கடைவாய்ப் பல் போனவர்களுக்கோ கறி, நிலக்கடலை, கீரை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விலகிவிடும். மிஞ்சுவது கஞ்சியும் குழைந்த சோறும்தான்.

"வயசாயிருச்சு, இனிமே எனக்கு எதுக்குப் பல்?" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற எண்ணம்தான் பல நேரம் அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு விட்டுவிடக் கூடாது.

மார்க்கத்தில் இதற்குத் தடையில்லை. குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு செய்து வைத்திருந்தார்கள். அதில் துர்வாடை வந்ததால் தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் என்று அபூதாவூத், திர்மிதி நூல்களில் பதிவாகியுள்ளது. இழந்த உறுப்பைத் தேவைக்காக ஈடு செய்வதற்கு உலமாக்கள் இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

பல்லை எடுத்த பிறகு நடப்பது

பல் போன இடத்தில் தாடை எலும்பு மெல்ல மெல்லத் தேயும். பக்கத்துப் பற்கள் அந்தச் சந்தில் சாயும். எதிர்வரிசைப் பல் இறங்கிவரும். ஆகவே ஒரு பல்தானே என்று பல வருடம் போட்டுவைத்தால் பின்னால் வைத்தியம் கடினமாகும்.

பல்செட்

கழற்றி மாட்டும் செயற்கைப் பல் இது. அறுவை சிகிச்சை கிடையாது. செலவு குறைவு. அளவு எடுப்பது, கடி பார்ப்பது, வைத்துப் பார்ப்பது, மாட்டுவது என்று சில தடவை போய்வர வேண்டும். முழு பல்செட்டில் மேல்வரிசை அண்ணத்தில் ஒட்டி நன்றாக நிற்கும். கீழ்வரிசைக்குப் பிடிமானம் குறைவு. நாக்கு அசையும்போது தூக்கிவிடும். எலும்பு தேயத் தேய செட் தளரும். அப்போது உட்புறத்தைச் சரிசெய்ய வேண்டும், அல்லது புதிதாகச் செய்ய வேண்டும்.

இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். வெந்நீர் ஆகாது, வளைந்துவிடும். புண் வந்தால் நீங்களே உரசித் தேய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரிட்ஜ்

ஒன்றிரண்டு பல் மட்டும் போயிருந்தால், இருபக்கப் பற்களையும் செதுக்கி அவற்றின் மேல் பாலம்போல் ஒட்டுவார்கள். கழற்ற வேண்டியதில்லை. ஆனால் நல்ல பற்களைச் செதுக்க வேண்டியிருக்கிறது.

இம்ப்ளான்ட்

டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்த சிறு திருகாணியைத் தாடை எலும்பில் பதித்து, அதன்மேல் பல் பொருத்துவது இம்ப்ளான்ட். சுவீடனைச் சேர்ந்த பிரோனிமார்க் என்ற மருத்துவர் 1950களில் முயல்களை வைத்து ஆய்வு செய்தபோது, டைட்டானியத்தோடு எலும்பு இறுக ஒட்டிக்கொள்வதைக் கண்டார். 1965இல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்.

எலும்பு ஒட்டுவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். கடிக்கும் பலம் நன்றாக இருக்கும், பக்கத்துப் பல்லுக்குச் சேதமில்லை. ஆனால் ஒரு பல்லுக்கே, முழு பல்செட்டைவிட அதிகம் செலவாகலாம். இம்ப்ளான்டில் சொத்தை விழாது என்றாலும் சுத்தமாக வைக்காவிட்டால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெட்டு அதுவும் ஆடிவிடும்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், தாடையில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடுகிறவர்கள் ஆகியோர் அதை மறைக்காமல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு இம்ப்ளான்ட் வைப்பதில்லை.

நடுவழி ஒன்று

கீழ்வரிசை முழுவதும் போனவர்களுக்கு எல்லாப் பல்லுக்கும் இம்ப்ளான்ட் தேவையில்லை. முன்பக்கம் இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, பட்டன் மாட்டுவதுபோல் பல்செட்டை அவற்றில் மாட்டலாம். 2002இல் கனடாவின் மான்ட்ரியலில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தது இதைத்தான். வசதி இருந்தால் இதைப் பற்றி அவசியம் கேளுங்கள்.

ஒளுவும் குளிப்பும்

வாய் கொப்பளிப்பது ஒளுவில் சுன்னத்து. கடமையான குளிப்பில் ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத்து, ஹனஃபி மத்ஹபில் ஃபர்ளு. எனவே ஹனஃபிகள் கடமையான குளிப்பின்போது பல்செட்டைக் கழற்றிக் கொப்பளிக்க வேண்டும். இம்ப்ளான்டும் பிரிட்ஜும் கழற்ற முடியாதவை, அதில் சிரமமில்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது?

புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 2023 நவம்பரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. முதலில் அங்கே போய்க் காட்டி, எந்த வைத்தியம் பொருந்தும், எத்தனை தடவை வர வேண்டும் என்று கேளுங்கள். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற தூரத்து ஊர்க்காரர்கள் அடுத்த தேதியைக் கையோடு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. தனியாரிடம் போனால் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். தெருவோரத்தில் உடனடியாகப் பல் ஒட்டித் தருகிறவர்களிடம் வாயைக் கொடுக்காதீர்கள். நல்ல பல்லும் ஈறும் சேர்ந்து கெடும்.

கடைசியாக ஒன்று. இம்ப்ளான்டுக்காக வட்டிக்குக் கடன் வாங்கவோ, வட்டியுள்ள மாதத் தவணையில் சேரவோ வேண்டாம். நன்றாக அளவெடுத்துச் செய்த பல்செட்டோடு நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். பணம் சேர்ந்த பிறகு இம்ப்ளான்டுக்கு மாறவும் வழியுண்டு, எலும்பு போதுமான அளவு இருந்தால்.

இன்று சாப்பிட உட்காரும்போது உங்கள் அத்தாவோ வாப்பாவோ எதை ஒதுக்கிவைக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். அல்லாஹ் நம் பெற்றோருக்கு நல்ல சுகத்தைத் தருவானாக. ஆமீன்.